காட்டுவழியில் இரு பெண்கள்: மலையேற்றக் காதல் கதைகளில் தனிமையும் சம்மதமும்

தொடுவானம்:

ஆள் நடமாட்டமில்லாத மலைகளில் பல நாள் நடக்கும் பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் கதைகளை நான் தேடித் தேடிப் படித்து வருகிறேன். இப்போது அவ்வகையில் ஒரு நெடுங்கதையை எழுதியும் வருகிறேன். கதையில் இருவர் முதன்மையானவர்கள். ஒருத்தி மலையேற்ற வழிகாட்டி, நாற்பதை நெருங்குபவள். மற்றவள் வரைபடம் தயாரிக்கும் பணியில் இருப்பவள். எத்தனையோ மலைகளுக்குச் சம உயரக் கோடுகள் வரைந்திருந்தும் அவற்றில் ஒன்றின்மீதுகூடக் கால் வைக்காதவள். எட்டு நாள் பயணம், ஆறு பெண்கள் கொண்ட குழு. ஐந்தாம் நாள் வீசும் புயலில் இவர்கள் இருவரும் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிடுகிறார்கள். வரைபடக்காரி முழுவதும் நனைந்து, உடல் நடுங்கி, எழுந்து நிற்கவும் முடியாத நிலையில் இருக்கிறாள். இருப்பது ஒரே கூடாரம், ஒரே ஸ்லீப்பிங் பேக். அன்றிரவு அவர்களுக்கிடையே காதல் சொல்லப்படுகிறது.

வரைவைப் படித்த தோழி ஒருத்தி, "புயல் வராமல் இருந்திருந்தால் இவர்கள் காதலித்திருப்பார்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காடுதான் இவர்களுக்குள் காதலை உண்டாக்குகிறதா, அல்லது ஏற்கெனவே இருந்த ஒன்றுக்கு இடம் மட்டும் கொடுக்கிறதா? இவ்வகைக் கதைகளைப் படிப்பவர்களும், மலையில் நடந்து பழகியவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மீள்வாசகி:

காதலிப்பதற்காகப் பெண்கள் ஏன் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது என்பதிலிருந்து தொடங்கினால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். 1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் எழுதிய ‘ஸ்பிரிங் ஃபயர்’ முதலாவது. இரு பெண்களின் காதல் மகிழ்ச்சியாக முடியும் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினால் அஞ்சல் துறையினர் பறிமுதல் செய்துவிடக்கூடும் என்று பதிப்பாளர் தரப்பில் சொல்லப்பட்டதால், கதையின் முடிவில் ஒருத்தி மனம் பேதலித்துப்போகவும், மற்றவள் தான் அவளை உண்மையில் நேசித்ததே இல்லை என்று தெளியவும் வேண்டியிருந்தது. இரண்டாவது, பேட்ரிசியா ஹைஸ்மித் தன் பெயரை மறைத்துக் கிளேர் மார்கன் என்ற பெயரில் வெளியிட்ட ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’. அதில் இரு பெண்களும் காரில் மேற்கு நோக்கிப் போகிறார்கள். துப்பறிவாளர் ஒருவர் பின்தொடர்ந்து, விடுதி அறையில் அவர்கள் பேசியதைப் பதிவுசெய்கிறார். அதன் விளைவாக ஒருத்தி தன் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறாள். ஆனாலும் இறுதிப் பக்கத்தில் அவர்கள் ஒருவரையொருவர் நோக்கி வருகிறார்கள் என்பதால்தான் அந்நாவலை இன்றுவரை பெண்கள் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சாலையில் போகிறவர்களுக்கு விடுதி வேண்டும்; விடுதிக்குச் சுவர் உண்டு; சுவருக்குக் காது உண்டு என்பது அந்தக் கதையில் அப்படியே நடந்தது. காடு அந்தச் சுவரையும் எடுத்துவிடுகிறது. 1973இல் தொடங்கப்பட்ட நாயட் பிரஸ் போன்ற, பெண்களே நடத்திய பதிப்பகங்கள் வந்த பிறகு, தண்டனையில் முடியாத பெண் காதல் கதைகள் ஏராளமாக அச்சேறின. காடும் மலையும் ஏரிக்கரையும் அவ்வகைக் கதைகளுக்கு விருப்பமான இடங்களாக இருப்பதில் வியப்பில்லை. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்க ஒருவரும் இல்லை.

ஆகவே என் விடை இதுதான்: காடு காதலை உண்டாக்குவதில்லை, சாட்சியை விலக்குகிறது. உங்கள் புயல் அந்த வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள். குழுவில் மீதமுள்ள நான்கு பெண்கள் இவர்களைத் தீர்ப்பிடக்கூடியவர்களா? இல்லையென்றால் அவர்களைப் பிரித்துவிடப் புயல் எதற்கு?

பாறைநிழல்:

நான் மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்லும் தொழிலில் இருக்கும் பெண். என் துணைவியும் ஒரு பெண்தான். ஆகையால் இக்கதைகளை இரண்டு பக்கத்திலிருந்தும் அக்கறையோடு படிப்பவள் என்ற முறையில் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் உடலைப் பற்றி. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது ஹைப்போதெர்மியா தொடங்குகிறது. அப்போது கை விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை, நாக்கு குழறுகிறது, கால் தடுமாறுகிறது, காரணமில்லாத எரிச்சல் வருகிறது, தனக்கு ஒன்றுமில்லை என்று அவளே உறுதியாகச் சொல்வாள். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். அனுபவமற்றவர்கள் அதைத் தேறிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்வது பெரும் ஆபத்து. அந்நிலையில் செய்ய வேண்டியவை: ஈரத் துணியைக் களைந்து உலர்ந்ததை அணிவிப்பது, தரையின் குளிர் ஏறாதபடி அடியில் கனமாக விரிப்பது, தலையையும் கழுத்தையும் மூடுவது, விழுங்கும் தெளிவு இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுப்பது, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி மார்பின்மீதும் அக்குளிலும் வைப்பது. கைகால்களைத் தேய்க்கக் கூடாது. ஒரே ஸ்லீப்பிங் பேக்கில் இன்னொருவர் படுத்துத் தன் உடம்பால் சூடேற்றுவது கதைகளில் வரும் அளவுக்குப் பயன் தருவதில்லை. அது நடுக்கத்தைத் தணித்துவிடுவதால் உடல் தானே உண்டாக்கும் வெப்பமும் குறைகிறது.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது. நாக்கு குழறும் நிலையில் இருப்பவள் காதலைச் சொன்னாலும், காதலுக்கு இசைந்தாலும், அதை அவள் முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. அவளுடைய உயிருக்குப் பொறுப்பேற்றவள் அருகில் இருக்கிறாள். அடுப்பு அவளிடம், வரைபடம் அவளிடம், செயற்கைக்கோள் தொடர்புக் கருவியும் அவளிடம். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போக வரைபடக்காரிக்கு இடமில்லை. வெளியே போனால் சாவு. அந்த இரவில் கிடைக்கும் "ஆம்" எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், வாசகிக்கு அது உண்மை என்று தெரிய வழியே இல்லை. உங்கள் தோழி கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கூர்நோக்கு:

பாறைநிழல் அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆணும் பெண்ணும் மழைக்கு ஒதுங்கிய குடிசையில் காதல் கொள்ளும் கதைகள் எத்தனை நூறு! அவற்றில் எவரும் வெப்பமானியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பதில்லை. இரண்டு பெண்கள் ஒரு கூடாரத்துக்குள் வந்தவுடன் மட்டும் அவர்களுடைய காதல் ஏன் பரீட்சை எழுத வேண்டும்? மீள்வாசகி சொன்ன அந்த 1952ஆம் ஆண்டின் முடிவுகளைப் படித்து வளர்ந்த வாசகிகளுக்கு, தடையே இல்லாத ஓர் இரவைக் கொடுப்பதும் எழுத்தாளரின் கடமைதான். மீட்புக் கையேடு வேண்டுமென்றால் அதைத் தனியாக வாங்கிப் படித்துக்கொள்ளலாம். காதல் கதையிடம் நான் எதிர்பார்ப்பது, ஒருத்தியின் கை இன்னொருத்தியின் கன்னத்தில் படும் கணத்தில் என் மூச்சு நிற்க வேண்டும் என்பது. அதற்கு ஆபத்தும் நெருக்கமும் வேண்டும். சாவின் விளிம்பில் ஒருத்தி மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறாள் என்பதில் பொய் ஒன்றும் இல்லை.

குறிஞ்சிவழி:

இவ்விவாதத்தில் நம் அகப்பாடல்களைக் கொண்டுவருவது பொருந்தும் என்று நினைக்கிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்தின் மரமும் விலங்கும் நீரும் தொழிலும் கருப்பொருள்; மனத்தின் நிலை உரிப்பொருள். மலையைக் கூடலுக்கும், வறண்ட வழியைப் பிரிவுக்கும் உரியதாக நம் மரபு வைத்திருந்தாலும், நல்ல பாடலில் மலை என்று சொன்னவுடனே கூடல் நிகழ்ந்துவிடுவதில்லை. நடுவில் கருப்பொருள் வேலை செய்கிறது. பாறையில் உருளும் தேனடை, தினைப்புனத்துக் கிளி, இருட்டில் கேட்கும் அருவி ஆகியவற்றின் வழியாகத்தான் தலைவியின் மனம் நமக்குத் தெரிகிறது.

தொடுவானம் அவர்களின் வரைவில் நிலமும் பொழுதும் இருக்கின்றன, காதலும் இருக்கிறது. இடையில் கருப்பொருள் இருக்கிறதா என்பதே என் கேள்வி. புயல் என்பது பொழுதின் பெருங்கூச்சல். அது வந்தால் சிறிய பொருள்கள் எல்லாம் அடங்கிவிடும். ஐந்தாம் நாளுக்கு முன்பு நான்கு பகலும் நான்கு இரவும் இருக்கின்றனவே, அவற்றில் இவர்கள் எதைக் கையாண்டார்கள், எதைப் பகிர்ந்தார்கள்? இன்னொன்றும் உண்டு. அகப்பாடல்களில் காதலுக்கு இடையூறாக அலர் என்னும் ஊரார் பேச்சு இருக்கிறது, பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் இற்செறிப்பு இருக்கிறது. தலைவியின் மனத்தை வாய்விட்டுச் சொல்லத் தோழி இருக்கிறாள். உங்கள் குழுவின் நான்கு பெண்களில் ஒருத்தியாவது தோழியாக வளரட்டும். பார்க்கிறவளாக, பார்த்தும் சொல்லாதவளாக. எல்லாரையும் விலக்கிவிட்டு இருவரை மட்டும் கூடாரத்தில் வைத்தால் காதலைக் கண்டவர் எவருமில்லாமல் போய்விடுகிறது.

தொடுவானம்:

குறிஞ்சிவழி அவர்களின் கேள்விக்கு நேர்மையாகச் சொன்னால், முதல் நான்கு நாள்கள் வரைவில் ஒன்பது பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. மலையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் உண்மையில் கவனிக்கத் தொடங்குவது எப்போது, எதன் வழியாக என்று பாறைநிழல் அவர்கள் சொன்னால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

பாறைநிழல்:

காலின் வழியாக. நான் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மதியத்துக்குள் புதியவளின் குதிகாலில் ஓர் இடம் சூடேறத் தொடங்கும். கொப்புளம் எழுவதற்கு முன் வரும் எச்சரிக்கை அது. அதை அவள் சொல்ல மாட்டாள். குழுவைத் தாமதப்படுத்துகிறோம் என்ற கூச்சம். ஆனால் பின்னால் நடக்கும் வழிகாட்டிக்கு அவளுடைய நடை மாறியது தெரிந்துவிடும்: ஒரு காலை ஊன்றும் நேரம் இம்மியளவு குறையும், ஊன்றுகோலில் மணிக்கட்டு கூடுதலாக அழுந்தும். வழிகாட்டி நிறுத்தச் சொல்வாள். காலணியைக் கழற்றி, இரண்டு காலுறைகளையும் உருவி, பாதத்தைத் தன் முழங்காலின்மீது வைத்துக்கொண்டு ஈரத்தை ஒற்றி எடுப்பாள். ஒட்டு நாடாவின் மூலைகளை வட்டமாகக் கத்தரித்து, சுருக்கம் விழாமல் ஒட்டி, உள்ளங்கையால் சிறிது நேரம் அழுத்திப் பிடிப்பாள், சூட்டில் பசை நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் தன் அழுக்குப் பாதத்தை இன்னொருத்தி முகம் சுளிக்காமல் கையில் ஏந்துவதை ஒரு பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூர்நோக்கு கேட்ட மூச்சு நிற்கும் கணம் இங்கேயே கிடைக்கும். இங்கே எவரும் சாகப்போவதில்லை, காலை இழுத்துக்கொள்ள விரும்பினால் இழுத்துக்கொள்ளலாம்.

இதைப்போல இன்னும் எவ்வளவோ உண்டு. நீரைக் கொதிக்க வைக்கும் நேரம் அவற்றில் ஒன்று. கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும் என்பதால், காற்றுக்கு மறைப்பாக இருவர் தோள் சேர்த்து அமர வேண்டியிருக்கிறது. முதுகுப்பையின் எடையை ஒருத்தி கேட்காமலே தன் பைக்கு மாற்றிக்கொள்வதும், மறுநாள் மற்றவள் அதைக் கண்டுபிடித்துத் திரும்பக் கேட்பதும் ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறைகிறது. வரைபடக்காரிக்கு இந்த எண் மனப்பாடமாக இருக்கும், ஆனால் மூன்றாம் நாள் இரவில்தான் அவளுடைய தோலுக்கு அது தெரியவரும்.

மீள்வாசகி:

காடு சாட்சியை விலக்குகிறது என்று நான் எழுதியதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சாட்சி இல்லாத இடம் காதலுக்கு மட்டும் திறந்திருப்பதில்லை. 1988ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அப்பலாச்சியன் என்ற நெடுந்தூர நடைபாதையை ஒட்டிக் கூடாரமிட்டிருந்த இரு பெண்களை மறைந்திருந்து ஒருவன் சுட்டான். ஒருத்தி இறந்தாள், மற்றவள் ஐந்து குண்டுக் காயங்களோடு நடந்தே வெளியேறி உயிர் பிழைத்தாள். அவர்கள் காதலர்களாக இருப்பதைக் கண்டதே தன்னைத் தூண்டியது என்று காட்ட அவன் தரப்பு முயன்றது. நீதிபதி அதற்கு இடம் தரவில்லை, அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1996இல் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் காதலர்களான இரு பெண்கள் தாங்கள் கூடாரமிட்டிருந்த இடத்தில் கொல்லப்பட்டார்கள்; கொன்றவன் யார் என்பதை, அவன் சிறையிலேயே இறந்து சில ஆண்டுகள் கழித்து, 2024இல்தான் மரபணுச் சோதனை மூலம் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அறிவித்தது.

இவற்றை உங்கள் கதைக்குள் வைக்கச் சொல்லவில்லை. காதல் கதையில் இரத்தம் சிந்த வேண்டும் என்று கேட்கும் வாசகி நான் அல்லள். எங்கள் கதைகளில் போதுமான பெண்கள் செத்துவிட்டார்கள். ஆனால் இந்தப் பாதைகளில் நடக்கும் பெண்களுக்கு இச்செய்திகள் தெரியும். எதிரே ஓர் அந்நிய ஆண் வரும்போது கோத்த கைகள் பிரிவதும், "எங்கே கூடாரம் போடப்போகிறீர்கள்?" என்ற இயல்பான கேள்விக்கு உண்மை சொல்லாமல் நழுவுவதும் அவர்களுடைய நடையின் ஒரு பகுதி. அவன் நல்லவனாகவே இருக்கட்டும், கடந்து போய்விடட்டும். பிரிந்த கைகள் மீண்டும் சேர எவ்வளவு தூரம் ஆகிறது என்பதை எழுதுங்கள்.

கூர்நோக்கு:

இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன், ஏனென்றால் இங்கே அச்சம் காதலைத் தண்டிக்கவில்லை, காதலின் அளவைக் காட்டுகிறது. கொப்புளத்துக்கு மருந்திடும் காட்சியும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கூடாரத்தை விட்டுத்தர நான் தயாராக இல்லை. எல்லாவற்றையும் எட்டாம் நாள், பேருந்து நிறுத்தத்தில், இருவரும் குளித்து உடை மாற்றி நின்ற பிறகுதான் சொல்ல வேண்டும் என்றால், மலை எதற்கு? வழிகாட்டியின் கடமை, பொறுப்பு, ஒழுங்கு என்று அடுக்கிக்கொண்டே போனால் ஒரு முத்தத்துக்குக்கூட இடமிருக்காது. கதையின் உச்சம் காட்டுக்குள் நிகழ வேண்டும். கூடாரத்துக்குள் நிகழ வேண்டும்.

பாறைநிழல்:

கூடாரம் இருக்கட்டும். அதில் ஒரு வாசலைத் திறந்து வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

புயல் ஐந்தாம் நாளே வரட்டும், இருவரும் பிரிந்துபோகட்டும், வரைபடக்காரி நடுங்கட்டும். அந்த இரவில் வழிகாட்டி செய்ய வேண்டியதை எல்லாம் செய்யட்டும். காதலை மட்டும் சொல்ல வேண்டாம். நினைவு மங்கிய நிலையில் வரைபடக்காரி ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறாள், வழிகாட்டி அதைக் கேட்டும் கேளாதவளைப் போல இருந்துவிடுகிறாள் என்று வைத்துப் பாருங்கள். காலையில் அதை நினைவூட்டலாமா, கூடாதா? நினைவிருந்தும் இல்லாதவளைப் போல அவள் நடிக்கிறாளா? அடுத்த இரண்டு நாள்கள் கதை இந்தக் கேள்வியிலேயே ஓடும், ஒரு வரியும் தொய்யாது.

ஏழாம் நாள் மாலை குழு மீண்டும் ஒன்றாக இருக்கிறது. காற்றில் ஒரு கூடாரம் கிழிந்துவிட்டது. இடம் மாற்றிப் படுக்க வேண்டும். பத்தடி தள்ளி இருக்கும் தோழியின் கூடாரத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, தோழி அதை வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறாள். வானம் தெளிவாக இருக்கிறது, எல்லாரும் சாப்பிட்டிருக்கிறார்கள், எவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, விடிந்தால் சாலை. வரைபடக்காரி தோழியின் கூடாரத்துக்குப் போகலாம். அவள் போகவில்லை. வழிகாட்டியின் கூடாரத்துக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறாள், புயல் இரவில் தான் சொன்னது தனக்கு நினைவிருக்கிறது என்கிறாள். பொறுப்பில் இருப்பவள் முதலில் வாய் திறக்கக் கூடாது. போக வேறிடம் உள்ளவள்தான் சொல்ல வேண்டும். முத்தம் அன்றிரவா, மறுநாள் குழுவைப் பத்திரமாக ஒப்படைத்த பிறகா என்பது உங்கள் வழிகாட்டி எத்தகையவள் என்பதைப் பொறுத்தது. நானாக இருந்தால் மறுநாள்வரை காத்திருந்திருப்பேன். ஆனால் அந்த இரவு முழுவதும் விழித்திருந்திருப்பேன்.

கூர்நோக்கு:

அந்த இரவு முழுவதையும் எழுதினால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காத்திருக்கும் இரவைச் சுருக்கிவிடாதீர்கள். இருவரும் பேசிக்கொள்வது, தொடாமல் இருப்பது, கூடாரத் துணியில் பனி இறங்கும் ஓசை என எல்லாம் வேண்டும். ஒழுக்கத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவில் எழுத்தாளர்கள் இவ்விடத்தில் இரண்டே வரிகளில் விடியலுக்குத் தாவிவிடுகிறார்கள். அது எங்களை ஏமாற்றுவது.

குறிஞ்சிவழி:

தோழி இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவள் வர மாட்டாள் என்பதைத் தெரிந்துகொண்டே படுக்கையை விரித்து வைத்திருப்பாளே, அதையும் விட்டுவிடாதீர்கள். இவ்வளவு நேரம் பேசாதிருந்த சாட்சி அவள்தான்.

தொடுவானம்:

அனைவருக்கும் நன்றி. கதையின் அமைப்பை மாற்றுகிறேன். முதல் நான்கு நாள்களை விரித்து எழுதிவிட்டுத்தான் புயலுக்கு வருவேன். காலுக்கு நாடா ஒட்டும் காட்சி இரண்டாம் நாளுக்குப் போகிறது. எதிரே வரும் நடைப்பயணியை ஆறாம் நாளில் வைக்கிறேன், ஏனெனில் அப்போது கைகள் சேர்ந்ததா இல்லையா என்பதே அவர்களுக்குத் தெளிவாகாத நிலை. ஏழாம் நாள் இரவு முழுவதும் எழுதப்படும் என்று கூர்நோக்கு அவர்களுக்கு உறுதியளிக்கிறேன்.

பாறைநிழல் அவர்களிடம் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. வரைபடக்காரி தன் தொழிலின் வழியாகவே வழிகாட்டியை முதன்முதலாக எதிர்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் நாள் காலையில் அவர்களுக்கிடையே ஒரு சிறு கருத்து வேறுபாடு வரும்படி எதை வைக்கலாம்?

பாறைநிழல்:

நேரக் கணக்கை வையுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். முதல் நாள் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் என்றால், வரைபடக்காரி தாளைப் பார்த்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்பாள். வழிகாட்டி முதுகுப்பைகளையும், புதியவர்களின் கால்களையும், நடுவில் கடக்க வேண்டிய ஓடையையும் பார்த்து ஆறு மணி நேரம் என்பாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். போய்ச் சேரும்போது ஆறேகால் மணி நேரம் ஆகியிருக்கும். எட்டாம் நாள் இறக்கத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று தோழி கேட்கும்போது வரைபடத்தை எடுக்காமலே வரைபடக்காரி நேரத்தைச் சொல்லட்டும். வழிகாட்டி அதைத் திருத்த வேண்டியிருக்கக் கூடாது.